பதிமூன்று விலங்குகளின் வருகை நேரம்

நரம்பியல் பிரிவின் முதல் மாடிக்கு முள்ளம்பன்றி வந்து சேர்ந்தது செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. கேட்ட கேள்விக்கு அது ஐந்து நாள் தாமதம். சோதனை அறையின் வாசலில், நோயாளிகள் உட்காரும் நீல நாற்காலி வரிசைக்கு அடியில், முட்களை ஒடுக்கிக்கொண்டு அது காத்திருந்தது. படியேறி வந்த களைப்பில் அதற்கு மூச்சு வாங்கியது. காவலாளி கதவைத் தட்டி, “மேடம், உங்களுக்கு இன்னொண்ணு வந்திருக்கு” என்றார். உளவியலாளர் வெளியே வந்து பார்த்து, பெயர், தேதி, வர வேண்டிய நேரம், வந்த நேரம் நான்கையும் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் முள்ளம்பன்றி வந்த வழியே இறங்கிப் போய்விட்டது. அதற்கு முன் வெள்ளிக்கிழமை ஆடு வந்திருந்தது, சனிக்கிழமை முயல் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிரிவுக்கு விடுமுறை என்பதால் வாத்து நாள் முழுக்க கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்து திங்கட்கிழமை முதல் ஆளாக உள்ளே வந்தது. அன்று மதியமே கழுதையும் குரங்கும் வந்து போயின. ஆகவே முள்ளம்பன்றிக்காக யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. காலைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இவற்றை வரவழைத்தவள் ஒரு பேருந்துப் பணிமனையின் டைம் கீப்பர். வண்டிகள் வெளியேறும் வாசலில், மூன்று பக்கமும் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறையில், இருபத்து மூன்று வருடமாக உட்கார்ந்திருந்தவள். எந்த வண்டி, எந்த ஓட்டுநர், எந்த நடத்துநர், எத்தனை மணிக்கு எந்த வழித்தடம் என்பதை எழுதிக் கொடுப்பது அவள் வேலை. அறுபத்து நான்கு வண்டிகள். காலையில் மூன்று ஓட்டுநர்கள் ஒரே நேரத்தில் காய்ச்சல் என்று போன் செய்தால், கையிலிருக்கும் டீ ஆறுவதற்குள் பதினோரு பேரை இடம் மாற்றி, ஒரு வண்டிகூட நிற்காமல் பார்த்துக்கொள்வாள். அவளைவிட வயதில் மூத்த ஓட்டுநர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வண்டிக்கு இருப்பதைவிட அக்கா தலைக்குள் ஒரு கியர் கூடுதல் என்று பேசிக்கொண்டார்கள்.

அவளுடைய அப்பா தபால் பிரிக்கும் இடத்தில் வேலை பார்த்தவர். நாற்பத்தைந்து வயதில் அவருடைய கையும் காலும் அவரைக் கேட்காமலே அசையத் தொடங்கின. வாழ்நாளில் ஒரு சொட்டு குடிக்காத மனிதரைத் தெருவே குடிகாரர் என்றது. கடைசி வருடங்களில் எந்தக் காலுக்கு முதலில் செருப்பு போடுவது என்று தீர்மானிக்க முடியாமல் வாசலில் அரை நாள் நிற்பார். அவர் இறந்த பிறகுதான் ஒரு மருத்துவர் அதற்கு ஹண்டிங்டன் நோய் என்று பெயர் சொன்னார். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றும் சொன்னார். அப்போது டைம் கீப்பரின் மகளுக்கு ஆறு வயது. டைம் கீப்பர் ரத்தம் கொடுத்தாள். இருக்கிறது என்று வந்தது. அந்தத் தாளைப் பேருந்தில் வைத்துப் படித்துவிட்டு, மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். அன்று பணிமனையிலிருந்து ஒரு வண்டியும் தாமதமாகக் கிளம்பவில்லை.

நோய் பன்னிரண்டு வருடம் பொறுத்திருந்தது. நாற்பத்தாறாவது வயதில் முதலில் தோள் குலுங்கியது, பிறகு விரல்கள் மேசைமேல் தாமாகவே தாளம் போட்டன. ஒருநாள் அவள் கை சட்டென்று மேலே எழும்பியது. ஒன்பதாம் எண் வண்டியின் ஓட்டுநர் அதைப் புறப்படச் சொல்லும் சைகை என்று எடுத்துக்கொண்டு நான்கு நிமிடம் முன்னதாகவே வண்டியை எடுத்துவிட்டார். முப்பது பேர் பின்னால் ஓடினார்கள். மறுநாளே ஓட்டுநர்கள் தங்களுக்குள் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: அக்கா கையைத் தூக்கினால் மட்டும் கிளம்பக் கூடாது, வாயால் “போ” என்றும் சொல்ல வேண்டும். யாரும் புகார் எழுதவில்லை. கையால் வந்த தொல்லை அத்துடன் தீர்ந்தது.

தீராதது வேறொன்று. ஐந்து வருடம் போனபின், பட்டியலை எங்கிருந்து தொடங்குவது என்று அவளுக்குப் பிடிபடாமல் போயிற்று. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் கட்டத்தையே பார்த்தபடி இருப்பாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டிடங்களின் உச்சியில், இரும்புக் கயிறுகளுக்கு நடுவே வேலை செய்கிறவர், அதிகம் பேசாதவர். ஒரு மாலை கையிலிருந்த கிரீஸைக் கழுவிவிட்டு வந்து அவளுக்கு எதிரில் உட்கார்ந்து, அவளுடைய பழைய நோட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஐந்து வாரத்தில் பட்டியல் போடக் கற்றுக்கொண்டார். அவளுடைய சாய்ந்த கையெழுத்தையும் கற்றுக்கொண்டார். காலையில் அவள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போனாள். அதைத் தானே எழுதியதாகத்தான் அவள் நம்பினாள். அவரும் திருத்தவில்லை. இப்படி எட்டு மாதம் ஓடியது. ஒரே வழித்தடத்துக்கு இரண்டு வண்டி போன நாட்கள் இரண்டு. அதுகூட மெக்கானிக்கின் தவறு.

ஆனால் நடுப்பகலில் நடப்பதை முந்தின நாளே எழுதிக் கொடுக்க முடியாது. ஒருநாள் பதினான்காம் எண் வண்டி பாலத்தில் நின்றுவிட்டது. அடுத்து என்ன செய்வது என்று கேட்டு இரண்டு ஓட்டுநர்கள் கண்ணாடி அறைக்கு முன்னால் வந்து நின்றார்கள். அவள் அவர்களை நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தாள். “அக்கா, சீக்கிரம் சொல்லுங்க” என்ற ஒருவர்மீது ஸ்டேப்ளர் பறந்தது. நெற்றியில் பட்டது. அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டே, பரவாயில்லை அக்கா, பரவாயில்லை என்றார். மேலாளர் அவள்மீது மரியாதை உள்ளவர்தான். ஆனாலும் வேறு வழியில்லாமல், வேலைக்குத் தகுதியா இல்லையா என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி வரச் சொல்லிக் கடிதம் கொடுத்தார். கடிதத்தில் மறதிநோய் என்ற சொல் இருந்தது.

“எனக்கா மறதி?” என்றாள் டைம் கீப்பர். “எந்த டிரைவரோட அம்மா எந்தத் தேதியில செத்தாங்கன்னு கேளுங்க, சொல்றேன்.”

அவள் பொய் சொல்லவில்லை. எல்லாத் தேதிகளும் அவளிடம் இருந்தன. தன்னிடம் என்ன குறைந்திருக்கிறது என்பது மட்டும்தான் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. அதுவும் அந்த நோய் செய்கிற வேலைதான் என்று பிறகு தெரிந்தது.

வியாழக்கிழமை மகள் அவளைக் கூட்டிப் போனாள். மகளுக்கு இருபத்து நான்கு வயது, நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். நரம்பியல் மருத்துவர் முதலில் தூக்கம் எப்படி, மனச்சோர்வு உண்டா என்று விசாரித்தார். கையசைவை அடக்கும் மாத்திரையே மூளையையும் மந்தமாக்கியிருக்கலாம் என்பதால் அதன் அளவை ஒரு மாதத்துக்கு முன்பே குறைத்திருந்தார். இந்த நோயில் மறதியைத் தேடிப் போனால் ஏமாந்துவிடுவோம், வேறு இடத்தில் தேட வேண்டும் என்று மகளிடம் சொல்லி, உளவியலாளரிடம் அனுப்பினார். உளவியலாளர் பன்னிரண்டு சொற்களைப் படித்துக் காட்டி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். நான்கு வந்தன. அதே சொற்களை வேறு சொற்களோடு கலந்து காட்டியபோது பன்னிரண்டையும் பிசகாமல் தொட்டுக் காட்டினாள். உள்ளே எல்லாம் இருந்தது. வெளியே வருவதுதான் பாடு. எண்களையும் எழுத்துகளையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்கச் சொன்னபோது மூன்றாவது இடத்திலேயே பென்சில் நின்றுவிட்டது. ஆடுகிற கை குறுக்கிடக் கூடாது என்று, அடுத்த சோதனையை வாயால் வைத்தார்கள்: ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர்களைச் சொல்ல முடியும்? நாய், பூனை, பசு என்றாள். பிறகு வாயைத் திறந்தபடி ஜன்னலைப் பார்த்தாள். ஐம்பதாவது விநாடியில் மறுபடி நாய் என்றாள். உளவியலாளர் மூன்று என்று எழுதினார். அவள் வயதுக்கும் படிப்புக்கும் குறைந்தது பதினாறு வந்திருக்க வேண்டும்.

வீட்டில் ஒருவரைத் தனியாகக் கேட்காமல் எதையும் முடிவு செய்வதில்லை என்பது மருத்துவரின் பழக்கம். வேலைக்கு நடுவே ஓடி வந்த மெக்கானிக்கை அவர் உள்ளே கூப்பிட்டு, வேலையை அவங்களே பாத்துக்கறாங்களா, பட்டியலெல்லாம் யார் போடறாங்க என்று கேட்டார். மெக்கானிக் தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டு, “அவதான் சார். எல்லாம் அவளேதான்” என்றார். கதவுக்கு வெளியே நின்ற மகளின் காதில் அது விழுந்திருந்தது. அவர் வந்ததும், “ஏம்பா அப்படிச் சொன்னீங்க?” என்றாள். அவர் வேலைக்குத் திரும்பிப் போய்விட்டார். வேலையை எடுத்துவிட்டால் அவளிடம் மிச்சம் என்ன இருக்கும் என்பது அவர் பயம். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் அவர் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான். அதற்குப் பிறகு நான்கு நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து விலங்குகள் வரத் தொடங்கின. முள்ளம்பன்றிக்குப் பிறகு குதிரையும் நரியும் வந்தன. அணில் வந்ததை யாரும் கவனிக்கவில்லை. அது மேசைமேல் ஏறி நோட்டின்மீதே உட்கார்ந்து தன்னை எழுத வைத்துக்கொண்டது. ஒட்டகம் படியேற மறுத்ததால் உளவியலாளரே கீழே இறங்கிப் போனார். மயில் காத்திருந்த நேரத்தில் எக்ஸ்ரே அறைக்கு முன்னால் தோகையை விரித்துவிட்டதால் அரை மணி நேரம் போக்குவரத்து தடைபட்டது. ஒட்டகச்சிவிங்கிக்கு மாடி ஒரு பொருட்டாகவே இல்லை, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பதிமூன்றாவதாக, பத்தொன்பதாம் நாள் ஆமை வந்தது. அந்தத் தாமதத்தில் நோயாளியுடைய பங்கு எவ்வளவு, ஆமையுடைய பங்கு எவ்வளவு என்று தெரியாததால் உளவியலாளர் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தார். திமிங்கிலமும் வந்ததாகச் சிலர் சொல்வதுண்டு. அன்று மதியம் கட்டிடத்தின் எல்லாக் குழாய்களிலும் உப்புத் தண்ணீர் வந்தது உண்மைதான். ஆனால் நோட்டில் அப்படி எதுவும் இல்லை.

மூன்றோடு பதிமூன்றைச் சேர்த்தால் சரியாகப் பதினாறு. உளவியலாளர் நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனார். எல்லாம் வந்துவிட்டதே, இவருக்குக் குறை என்று எப்படி எழுதுவது என்று கேட்டார். மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, கேட்டது ஒரு நிமிடத்துக்குத்தானே என்றார். இருவரும் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர்களால் முடிவுக்கு வர முடியவில்லை. குடும்பத்தை மறுபடி வரச் சொன்னார்கள்.

மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். என்ன சொல்லித் தொடங்குவது என்று உளவியலாளர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே டைம் கீப்பரின் கண் மேசைமேல் திறந்திருந்த நோட்டுக்குப் போய்விட்டது. தேதி, வர வேண்டிய நேரம், வந்த நேரம். இருபத்து மூன்று வருடம் அவள் கண் பழகிய கட்டங்கள். ஆடுகிற விரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை ஒரு வரி விடாமல் படித்தாள். அதற்குப் பதினொரு நிமிடம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

“எல்லாமே லேட்டு” என்றாள்.

“ஆமாம்மா” என்றார் உளவியலாளர்.

“ஒண்ணுகூட நேரத்துக்கு வரல. இது எந்த டிப்போ?”

உளவியலாளர் மருத்துவர் பக்கம் திரும்பினார். கடைசியில் மருத்துவர்தான், “உங்களுதும்மா. நீங்க கூப்பிட்டதுதான் எல்லாம்” என்றார்.

அவள் மறுபடி நோட்டைப் பார்த்தாள். தோள் குலுங்கியது, நின்றது. ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி பின்வாங்கி, நிறுத்தி, சாமான் இறக்கி, போயும்விட்டது. பிறகு அவள், “வண்டி வந்துடுச்சுங்கிறது வேற. ஏற நின்னவங்க என்ன ஆனாங்க?” என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, “இந்த டைம் கீப்பரை மாத்தணும் சார்” என்றாள்.

அப்போதுதான் மெக்கானிக் அழுதார். எட்டு மாதமாகத் தானே பட்டியல் போட்டதை, கையெழுத்தைப் பழகியதை, மருத்துவரிடம் பொய் சொன்னதை, எல்லாவற்றையும் கொட்டினார். டைம் கீப்பர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒரே ரூட்டுக்கு ரெண்டு வண்டி விட்டது நீங்கதானா?” என்று கேட்டாள். “நான் அப்படி விட மாட்டேனேன்னு அப்பவே நினைச்சேன்.” மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருத்துவருக்கும் வந்தது, பேனாவைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

டிமென்ஷியா, அதாவது மேலாளரின் கடிதத்தில் இருந்த அதே மறதிநோய், என்று மருத்துவர் எழுதியது அன்றைக்குத்தான். எழுதும் முன் அவளிடமே விளக்கினார். மறப்பது மட்டும் இல்லம்மா இது, தொடங்கறது, வரிசைப்படுத்தறது, ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு மாறறது, இந்த வேலைகள் தலைக்குள்ள படுத்துடுச்சு, நினைவு இன்னும் ரொம்ப நாள் கூட இருக்கும் என்றார். இதை முடிவு செய்யத் தாளில் வந்த மதிப்பெண் மட்டும் போதாது, செய்துகொண்டிருந்த வேலையைத் தனியாகச் செய்ய முடிகிறதா என்பதும் தெரிய வேண்டும், அதை இப்போது வீட்டுக்காரர் சொல்லிவிட்டார் என்றார். அறிக்கையில் இரண்டு எண்களும் இருந்தன: ஒரு நிமிடத்தில் மூன்று, பத்தொன்பது நாளில் பதினாறு. இரண்டாவது எண்ணை மேலதிகாரிகள் அச்சுப்பிழை என்று எடுத்துக்கொண்டார்கள். மருத்துவர் திருத்தவில்லை.

அவள் வேலையை விட்ட நாளில் அறுபத்து நான்கு வண்டிகளும் கண்ணாடி அறையைக் கடக்கும்போது நின்று, அவள் “போ” என்று சொன்ன பிறகே கிளம்பின. சில வண்டிகளுக்கு அந்தச் சொல் உடனே வந்தது, சிலவற்றுக்கு வரக் கொஞ்ச நேரமானது. அன்று ஊர் முழுக்கத் தாமதம். பயணிகள் கடிகாரத்தைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்கள், பிறகு எப்போதும்போல முன்னால் நகருங்கள் என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள்.

வீடு தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டது. உளவியலாளர் சொல்லிக் கொடுத்தபடி, “என்ன வேணும்?” என்று யாரும் அவளைக் கேட்பதில்லை. “டீயா, பாலா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு பேச்சு, ஒரு வேலை. குளிப்பது, உடுப்பது, சாப்பிடுவது எல்லாம் தினமும் அதே வரிசையில். கதவுக்குப் பக்கத்தில் செருப்பை வலது, இடது என்று மெக்கானிக்கே வரிசையாக வைத்தார். கோபம் வந்து அவள் டம்ளரை எறிந்தால் குனிந்துகொள்ளவும், பத்து நிமிடம் கழித்து எதுவும் நடக்காததுபோல வேறு பேச்சு எடுக்கவும் பழகிக்கொண்டார். “லிஃப்டும் இப்படித்தான். நடுவுல நின்னா பட்டனைப் போட்டுக் குத்தக் கூடாது” என்பார். நேரத்துக்குள் அவளால் சொல்ல முடியாமல் போன பதில்கள் எப்படியோ தாமாகவே வந்து சேர்ந்தன. எந்தப் போர்வை வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டால், புதன்கிழமை அந்தப் போர்வை அலமாரியிலிருந்து இறங்கி வந்து கட்டில்மேல் விரிந்து கிடக்கும். அதை மடித்து வைப்பதுதான் வேலை.

மகள் மட்டும் ஒரு கேள்வியை இரண்டு வருடம் கேட்காமல் வைத்திருந்தாள். அம்மாவின் பேச்சு நாளுக்கு நாலு சொல்லாகச் சுருங்கிய பிறகு, இனியும் தள்ளினால் கேட்க முடியாமலே போய்விடும் என்று, ஒரு மாலை நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்டாள். “அம்மா, எனக்கும் இருக்கான்னு டெஸ்ட் பண்ணிப் பாக்கட்டுமா? இல்ல, தெரியாமலே இருந்துடட்டுமா?” டைம் கீப்பர் வாயைத் திறந்தாள். மகள் காத்திருந்தாள். டீ ஆறியது. வாய் மூடிக்கொண்டது. ஒரு வாரம் ஆயிற்று, ஒரு மாதம் ஆயிற்று. வீட்டுக்குள் எதுவும் வந்து சேரவில்லை. இதற்குப் பதிலே இல்லை போலிருக்கிறது என்று மகள் நினைத்துக்கொண்டாள். அம்மாமீது அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

பதினோராவது வாரம் சனிக்கிழமை, காலைப் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, குளத்தின் ஓரமாக அம்மா நடந்து வந்தாள். வீட்டில் போட்டிருந்த அதே உடையுடன், அதே ஆடுகிற நடையுடன், ஈரத் தரையில் ஒருமுறைகூட வழுக்காமல். தனியாக அவள் வெளியே வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மகள் தண்ணீரிலிருந்து ஏறி அப்பாவுக்குப் போன் செய்தாள். “அம்மாவை ஏன் தனியா விட்டீங்க?” அப்பா, “என்னடி உளர்றே, அம்மா இங்கதான் இருக்கா. எதிர்லதான் உக்காந்திருக்கா, டீ குடிக்கிறா” என்றார். மகள் திரும்பிப் பார்த்தாள். குளத்தோரமும் அம்மா நின்றிருந்தாள். போனை வைத்துவிட்டுத் துண்டை எடுத்து அம்மாவின் பாதத்தைத் துடைத்து, பெஞ்சில் உட்கார வைத்தாள்.

அம்மா பேசினாள். இரண்டு வருடத்தில் அவ்வளவு நீளமாக அவள் பேசியதில்லை. “எடுக்கறதும் எடுக்காததும் உன் இஷ்டம். உன் உடம்பு, உன் ஆயுசு. ஆனா எடுக்கப் போற அன்னிக்குத் தனியாப் போகாத. நான் அப்பத் தனியாப் போயிட்டேன். பஸ்ல பக்கத்து சீட்டு காலியா இருந்துச்சு. நீ போறப்ப நான் வர்றேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “உன்னைப் பெத்ததுக்கு நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லடி. நீ அதையும் கேக்கணும்னு நினைச்சே, கேக்கல” என்றாள்.

மகள் இதுவரை அந்தச் சோதனைக்குப் போகவில்லை. வேண்டும் என்று தோன்றும்போது போவாள். முன்பெல்லாம் கையிலிருந்து ஏதாவது நழுவினால் அதையே பார்த்தபடி நின்றுவிடுவாள். இப்போது குனிந்து எடுத்துக்கொண்டு நடக்கிறாள்.

அன்று வகுப்பு முடிந்ததும் அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குக் கூட்டி வந்தாள். மெக்கானிக் கதவைத் திறந்தார். வாசலில் மனைவி நின்றாள். திரும்பிப் பார்த்தார், பின்னால் நாற்காலியிலும் மனைவி இருந்தாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் தோள் குலுங்கியது. “வெயில்ல வந்திருக்கே, உள்ள வா” என்றார். நாற்காலியில் இருந்தவள் சற்று நகர்ந்து பக்கத்தில் இன்னொரு நாற்காலிக்கு இடம் விட்டாள். மேசையில் நான்கு தட்டு வைத்தார்கள். இருவருக்கும் ஊட்ட வேண்டியிருந்தது, ஒருவருக்கு அப்பா, ஒருவருக்கு மகள். சாப்பிட நேரம் பிடித்தது, யாருக்கும் வேறெங்கும் போக வேண்டிய அவசரமும் இல்லை. மகள் கை கழுவிவிட்டு வந்து பார்த்தபோது ஒரே அம்மாதான் இருந்தாள், கண்ணயர்ந்திருந்தாள். மகள் நான்கு தட்டுகளையும் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.